பரிந்துரைப் பெட்டி யாருடைய சொல்லை எழுதுகிறது?

ஆய்வுத் திட்டங்களுக்காகத் தரவுள்ளீட்டு மென்பொருள் எழுதும்போது, பணி முடியும் தறுவாயில் அலங்காரம்போலச் சேர்க்கப்படும் வசதி ஒன்று உண்டு. உரைப்பெட்டியில் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்தவுடன் முழுச்சொல்லையும் கீழே பட்டியலிட்டுக் காட்டும் 'ஆட்டோகம்ப்ளீட்'தான் அது. தானாக நிறைவுசெய்யும் பரிந்துரை என்று அதைத் தமிழில் சொல்லலாம். சுவடிப் பட்டியல், கல்வெட்டுத் தொகுப்பு, வாய்மொழி வரலாற்றுப் பதிவு, பழைய இதழ்களின் பொருளடைவு என்று நம் பல்கலைக்கழகத் துறைகளில் இன்று நடைபெறும் பணிகள் பலவற்றின் பின்னால் சிறியதொரு மேசைக்கணினி மென்பொருள் இயங்குகிறது. அதை எழுதுபவர் பெரும்பாலும் அத்துறையின் மாணவராகவோ ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட நிரலராகவோ இருப்பார். "இதையும் சேர்த்துவிட்டால் தட்டச்சு வேகமாகும்" என்ற ஒற்றை வரியோடு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த முடிவை ஆய்வுமுறை சார்ந்த முடிவாகவே கருத வேண்டும் என்பது என் வாதம். எந்தச் சொற்களைப் பரிந்துரைப்பது, எப்படிப் பொருத்திப் பார்ப்பது, எந்த விசையை அழுத்தினால் ஏற்றுக்கொள்வது என்னும் மூன்று கேள்விகளுக்கும் நிரலர் தரும் விடை, பின்னால் அத்தரவிலிருந்து நாம் எழுதப்போகும் கட்டுரைகளின் முடிவுகளைத் தொடுகிறது. நெறியாளரின் மேசைக்கு வர வேண்டிய இக்கேள்விகள் அங்கு வருவதே இல்லை.

இவ்வசதியின் வரலாறு நீண்டது. 1970களின் தொடக்கத்தில் பயன்பாட்டில் இருந்த டெனெக்ஸ் இயங்குதளத்தில், கட்டளையின் முதல் சில எழுத்துகளை அடித்து எஸ்கேப் விசையை அழுத்தினால் எஞ்சியதைக் கணினி நிரப்பும். இன்றும் புழங்கும் டி.சி.எஸ்.எச். என்னும் கட்டளைச் செயலியின் பெயரில் உள்ள 'டி', டெனெக்ஸின் நினைவாக வந்ததே. அங்கு நிறைவுசெய்யப்பட்டவை கட்டளைகளும் கோப்புப் பெயர்களும். அவை முடிவுற்ற பட்டியல்கள்; பட்டியலில் இல்லாத கட்டளை என்று ஒன்று இருக்க முடியாது. பின்னர் 2004-இல் ஜி.டி.கே., 2005-இல் டாட்நெட், 2006-இல் க்யூடி ஆகிய நிரலாக்கத் தொகுப்புகள் உரைப்பெட்டிகளுக்கான ஆயத்த உறுப்பாகவே இவ்வசதியை வழங்கின. ஓரிரு வரி நிரலில் எந்தப் பெட்டிக்கும் இதைப் பொருத்திவிடலாம் என்ற நிலை வந்தது. மூடிய பட்டியலுக்காகப் பிறந்த உத்தி, ஊர்ப்பெயர், ஆட்பெயர், சாதிப்பெயர், தாய்மொழி போன்ற முடிவில்லாத பட்டியல்களுக்குள் இப்படித்தான் நுழைந்தது. இடர் தொடங்குவதும் இங்கேதான்.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம்: பரிந்துரைகள் எங்கிருந்து வருகின்றன? எளிதான வழி, அதே புலத்தில் இதற்கு முன் உள்ளிடப்பட்டவற்றையே திருப்பிக் காட்டுவது. விரிதாள் செயலிகள் அப்படித்தான் செய்கின்றன. ஒரு நெடுவரிசையில் மேலே உள்ளவற்றைக் கொண்டு கீழே அடிப்பதை நிறைவுசெய்கின்றன. இதன் விளைவு என்ன? முதலில் அமர்ந்து தட்டச்சு செய்தவரின் எழுத்துக்கூட்டல், எந்த விவாதமும் இல்லாமல் அத்திட்டத்தின் தரநிலையாகிவிடுகிறது. முதல் நாள் பிழையாக அடிக்கப்பட்ட ஓர் ஊர்ப்பெயர், இரண்டாம் நாள் பரிந்துரையாக வந்து, மூன்றாம் நாள் பெரும்பான்மை வழக்காகத் தோற்றமளிக்கும். ஆண்டுகள் கழித்து ஒருவர் அத்தரவை ஆராய்ந்து, "இவ்வடிவமே மிகுதியாகப் பயில்கிறது" என்று எழுதினால், அவர் எண்ணியது மூலத்தின் வழக்கையா, பெட்டியின் எதிரொலியையா?

நூலகவியலார் இச்சிக்கலைக் கணினிக்கு முன்பே அறிந்திருந்தனர். பங்கிம் சந்திரர் என்ற ஒரே எழுத்தாளர் ஒரு நூலட்டையில் சட்டர்ஜி என்றும் இன்னொன்றில் சட்டோபாத்தியாயர் என்றும் வருவார். தமிழில் உ.வே.சா.வின் பெயரே சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று பல வடிவங்களில் அச்சேறியிருக்கிறது. இவற்றை ஒருமுகப்படுத்தவே 'அத்தாரிட்டி ஃபைல்' எனப்படும் தரப்படுத்திய பெயர்ப்பட்டியலை நூலகங்கள் பேணுகின்றன. ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவம் ஒன்று, அதனோடு பிணைக்கப்பட்ட மாற்று வடிவங்கள் பல என்பதே அதன் அமைப்பு. மாற்று வடிவம் எதுவும் அழிக்கப்படுவதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931-இல் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன், இந்தியப் பெயர்களைப் பட்டியலிடுவதன் சிக்கல்களைப் பற்றியும் விரிவாகச் சிந்தித்தவர். நேரத்தைக் காப்பதும் பெயரைக் காப்பதும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை என்பதற்கு அம்மரபே சான்று.

பரிந்துரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாததன் விலையையும் இந்தியா கண்டிருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப்பெயர்கள் பதிவாயின என்று ஒன்றிய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 1931 கணக்கெடுப்பில் இருந்த எண்ணிக்கை 4,147 என்பதையும் அது சுட்டிக்காட்டியது. எண்பது ஆண்டுகளில் சாதிகள் ஆயிரம் மடங்காகப் பெருகிவிடவில்லை. எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள், உட்பிரிவுகள், குலப்பெயர்கள், பட்டப்பெயர்கள் ஆகிய அனைத்தும் தனித்தனிச் சாதிகளாக எண்ணப்பட்டதன் விளைவு அது. முன்கூட்டியே ஆயத்தம் செய்த பெயர்ப்பட்டியல் இல்லாத திறந்த பெட்டி எத்தகைய தரவைத் தரும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்காது. அத்தரவின் சாதி விவரங்கள் பயன்படுத்தத் தகுதியற்றவை என்ற வாதத்துக்கு அக்குழப்பமே அடிப்படையாக அமைந்தது.

மறுமுனையையும் பார்ப்போம். அதே 2011-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகக் கூறிய பெயர்கள் 19,569. மொழியியல் ஆய்வுக்குப் பின் அவை 1,369 தாய்மொழிகளாக முறைப்படுத்தப்பட்டு, இறுதியில் 121 மொழிகளின்கீழ்த் தொகுக்கப்பட்டன. இந்தி என்ற தலைப்பின்கீழ் வரும் சுமார் 52.8 கோடிப் பேரில், இந்தி என்றே தம் தாய்மொழியைக் கூறியவர்கள் சுமார் 32.2 கோடி. எஞ்சியோருள் போஜ்புரி என்று சொன்னவர்கள் மட்டுமே ஐந்து கோடிக்கு மேல். இத்தொகுப்பு முறையை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் வாதிட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் மக்கள் சொன்ன சொல் முதலில் அப்படியே பதிவானதும், தொகுப்பு பின்னர் தனியாக நிகழ்ந்ததும்தான். சொன்னதைக் கேட்டு எழுதும் அந்தக் கணத்திலேயே ஒரு பெட்டி 121 பெயர்களை மட்டும் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போஜ்புரி பேசுவோர் எத்தனைபேர் என்ற கேள்விக்கு விடை இல்லாமற் போயிருக்கும். கேள்வி எழுவதற்கான தடயமும் இருந்திராது.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதுபோலத் தோன்றினாலும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. கேட்டதைப் பதிவதும் வகைப்படுத்துவதும் இரு வேறு செயல்கள். சாதிக் கணக்கெடுப்பில் முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. பரிந்துரைப் பெட்டி கவனமின்றிச் சேர்க்கப்படும் மென்பொருளிலோ, இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடுகிறது. வரவிருக்கும் 2027 கணக்கெடுப்பு கைபேசிச் செயலி வழியே நடைபெறும் என்றும், அதில் சாதி விவரமும் சேகரிக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில், இவ்வேறுபாடு துறைசார்ந்தோரின் தனிக்கவலையாக மட்டும் நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது கேள்வி, பொருத்திப் பார்க்கும் முறை. மேற்சொன்ன ஆயத்த உறுப்புகள் எல்லாம் இயல்பாக முன்னொட்டுப் பொருத்தத்தையே கையாளுகின்றன. அடித்த எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் மட்டுமே பட்டியலில் தோன்றும். குடும்பப்பெயரை முதலில் எழுதும் மேலைப் பட்டியல் மரபுக்கு அது பொருந்தும். முன்னெழுத்தில் தொடங்கும் பெயர்களுக்கு என்ன செய்வது? 'உ. வே. சாமிநாதையர்' என்று பதிவாகியுள்ள பெயரை, 'சாமி' என்று அடித்துத் தேடுபவருக்கு அப்பெட்டி காட்டாது. அப்படி ஒருவர் இல்லை என்று கருதி அவர் புதிய பதிவை உருவாக்குவார். ஒருமைப்பாட்டுக்காகச் சேர்க்கப்பட்ட வசதியே இரட்டைப் பதிவுகளை விளைவிக்கிறது. சொல்லின் எந்தப் பகுதியோடும் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு க்யூடியில் 5.2 பதிப்பு முதல் இருக்கிறது. நிரலர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். டாட்நெட்டின் ஆயத்த உரைப்பெட்டியில் அவ்வாய்ப்பும் இல்லை. தனியே எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்திய எழுத்துமுறைகளுக்கு இதைவிட நுட்பமான இடர்கள் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள்; யூனிகோடில் ஐந்து குறியீட்டெண்கள். கணினி ஒப்பிடுவது குறியீட்டெண்களையே. ஆங்கில ஒலிப்புமுறை விசைப்பலகையில் 'கபிலர்' என்று அடிக்கத் தொடங்கினால் முதலில் 'க்' என்று புள்ளியோடு தோன்றி, அடுத்த விசையில்தான் 'க' ஆகிறது. புள்ளியோடு இருக்கும் அந்நிலையில் பெட்டி தேடுவது 'க்' என்று தொடங்கும் சொற்களை; கபிலர் பட்டியலில் இருந்தாலும் தோன்றமாட்டார். ஒவ்வொரு மெய்யிலும் பட்டியல் மறைந்து, ஒவ்வோர் உயிரிலும் மீண்டும் வரும். தமிழ்99 விசைப்பலகையில் அகரமேறிய மெய்யே முதலில் விழுவதால் இச்சிக்கல் இல்லை. ஆக, ஒரே மென்பொருள் ஒருவருக்கு ஒழுங்காகவும் மற்றவருக்குப் பழுதாகவும் தோன்றும். ஒப்பிடும் பொருட்டு மட்டும் அடித்த சொல்லின் இறுதிப் புள்ளியை நீக்கிக்கொண்டால் இது தீர்ந்துவிடும். ஒரு வரி நிரல். ஆனால் தமிழ் தட்டச்சு செய்யும் ஒருவர் சோதித்துப் பார்த்தால்தான் அவ்வரியின் தேவை தெரியவரும்.

எஞ்சிய எழுத்துகளைப் பெட்டிக்குள்ளேயே நிரப்பிக் காட்டும் முறை இன்னும் மோசம். 'க' என்று அடித்தவருக்குக் 'கெ' என்று தொடங்கும் பெயரை நிரப்பிக் காட்டினால், நிரப்பப்பட்ட பகுதியின் முதற்குறியான கொம்பு, அடித்த எழுத்துக்கு இடப்புறம் போய் நிற்கும். எது தாம் அடித்தது, எது கணினி சேர்த்தது என்பதைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. கீழே பட்டியலாகக் காட்டும் முறையே நம் எழுத்துகளுக்கு ஏற்றது.

ஒரே தோற்றமுள்ள எழுத்து இரு வகையில் குறியேற்றம் பெறுவதும் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இந்தியிலும் வங்காளத்திலும் கீழ்ப்புள்ளி இட்ட எழுத்துகளுக்கும் இந்நிலையே. யூனிகோடு இயல்பாக்கத்தைச் செய்துகொண்டால் இவை ஒன்றாகிவிடும். மலையாளத்தின் சில்லெழுத்துகளோ 2008-இல்தான் தனிக் குறியீட்டெண்களைப் பெற்றன. அதற்கு முந்தைய உரைகளில் அவை வேறு முறையில் எழுதப்பட்டிருக்கும். இயல்பாக்கம் அவ்விரண்டையும் இணைப்பதில்லை. பழைய மலையாளக் கோப்புகளைப் புதிய பட்டியலோடு சேர்ப்பவர்கள் அதற்கெனத் தனி மாற்றுவிதி எழுதியாக வேண்டும்.

வரிசையும் அப்படியே. யூனிகோடின் தமிழ்ப்பகுதி இஸ்கி என்னும் இந்தியப் பொதுத்தரத்தைப் பின்பற்றியதால், அதில் 'ந'வை அடுத்து 'ன'வும், 'ர'வை அடுத்து 'ற'வும் நிற்கின்றன. அது நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. பட்டியலை நெடுங்கணக்கில் அடுக்கிவிட்டு, "இது வரிசைப்படுத்தப்பட்டது" என்று க்யூடிக்கு அறிவித்தால், அது குறியீட்டெண் வரிசை என்று நம்பித் தேடும். பட்டியலில் உள்ள சொற்களையே இல்லை என்று விட்டுவிடக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

மூன்றாவது கேள்வி, ஏற்பு. தரவு உள்ளிடுபவரின் விரல்கள் என்டர், டேப் விசைகளுக்குப் பழகியவை. அவை அடுத்த பெட்டிக்குச் செல்வதற்கானவை. அதே விசைகள் பரிந்துரையை ஏற்பதற்கும் பயன்பட்டால், ஏற்றுக்கொள்ள நினையாதவரும் ஏற்றுக்கொள்கிறார். லிபர்ஆபீஸ் ரைட்டரின் சொல்நிறைவு வசதியில் ஏற்கும் விசையாக இயல்பாக அமைந்திருப்பது என்டர்தான். விரிதாளில் மேலே 'ராம்பூர்ஹாட்' என்று மட்டும் பதிவாகியிருக்க, ஒருவர் 'ராம்பூர்' என்று அடித்து என்டரை அழுத்தினால், கலத்தில் விழுவது ராம்பூர்ஹாட். முன்னது சுவடிகளுக்குப் பெயர்பெற்ற ரஸா நூலகம் அமைந்த உத்தரப் பிரதேச நகரம். பின்னது மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் உள்ளது. சுவடிப் பட்டியலில் இப்பிழை நேர்ந்தால் ஒரு நூலின் இருப்பிடமே மாறிவிடும். எழுத்துப்பிழை என்றால் மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணில் படும். இதுவோ சரியான எழுத்துகளால் ஆன தவறான சொல்; எந்தக் கண்ணுக்கும் தப்பிவிடும். பரிந்துரை தானாகத் தெரிவுபெற்று நிற்கக் கூடாது. அம்பு விசையால் இறங்கித் தேர்ந்தெடுத்தால் மட்டுமே ஏற்பு என்று அமைப்பதே பாதுகாப்பானது.

இதற்கு எழக்கூடிய மறுப்பு நியாயமானதே. தரவு உள்ளிடுவோர் பலர் பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுபவர்கள். ஒரு விசை கூடினால் அவர்களின் வருவாய் குறையும். ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒரே நீண்ட பெயரைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்வது மனிதத்தன்மையும் அன்று. விரல்களை அசைப்பதில் இடர்ப்பாடு உள்ளோருக்குப் பரிந்துரை வசதி அத்தியாவசியமானது என்பதையும் மறந்துவிடலாகாது. இவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் வேகம் வேண்டும் என்பதால் வேகத்தின் விலையைப் பதிவேட்டின் மீது சுமத்தலாம் என்று ஆகாது. பதிவு ஒன்றுக்கு ஊதியம் என்ற முறையை மாற்றுவது நிதி ஒதுக்குவோரின் கடமை. அதைச் செய்யாமல் பெட்டியின் கீழ் ஒரு பட்டியலைத் தொங்கவிட்டு ஈடுகட்டப் பார்க்கிறோம். அவசரத்தில் இருப்பவர் முதலில் தோன்றும் பரிந்துரையை ஏற்றால் குறை அவருடையது அன்று.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? மூலத்தில் கண்டது கண்டவாறே எழுத ஒரு புலமும், தரப்படுத்திய பெயருக்கு இன்னொரு புலமும் இருக்க வேண்டும். முதற்புலத்தில் பரிந்துரையே கூடாது. இரண்டாவதில் பரிந்துரை தாராளமாக இருக்கலாம்; அது முந்தைய உள்ளீடுகளிலிருந்து வராமல், பொறுப்பான ஒருவர் பேணும் பெயர்ப்பட்டியலிலிருந்து வர வேண்டும். மாற்று வடிவத்தை அடித்தாலும் தரப்படுத்திய வடிவத்துக்கு அது வழிகாட்ட வேண்டும். பட்டியலில் இல்லாததைச் சேர்க்கும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஒரு மதிப்பு கையால் அடிக்கப்பட்டதா, பரிந்துரையிலிருந்து ஏற்கப்பட்டதா என்பதைத் தரவுத்தளத்தில் ஒரு சிறு குறியாகச் சேமித்து வைக்க வேண்டும். இக்கடைசிச் செயலுக்கு ஆகும் இடமும் உழைப்பும் மிகச் சொற்பம். பின்னால் வரும் ஆய்வாளர் ஒருவர், "இவ்வடிவம் மூலத்தில் இருந்ததா?" என்று கேட்கும்போது விடைதரக்கூடியது அக்குறி ஒன்றே.

சுவடியைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாடுகளைக் கீழ்க்குறிப்பில் தருகிறார். தாம் திருத்திய இடங்களைத் தெரிவிக்கிறார். அப்படிச் செய்யாத பதிப்பை நாம் நம்புவதில்லை. தரவுத்தளத்துக்கும் அதே அளவுகோலை வைக்க நமக்கு உரிமை உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஆய்வுமுறை இயலில், மாதிரித் தெரிவு பற்றியும் நேர்காணல் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். தரவு எந்த மென்பொருளில் உள்ளிடப்பட்டது, பெட்டிகளில் பரிந்துரை இயங்கியதா, இயங்கியதெனில் அதன் பட்டியலைத் தந்தவர் யார் என்று ஒரு பத்தி எழுதும்படி நெறியாளர்கள் கேட்கத் தொடங்கலாம். அக்கேள்விக்கு விடைசொல்ல முடியாத நிலையில் இன்று எத்தனை தொகுப்புகள் இருக்கின்றன என்பதை, அவரவர் துறையின் கணினியைத் திறந்து பார்த்தே அறிந்துகொள்ளலாம்.